குப்பை ஒப்பந்தம் ஒருவர் கையில்: கையெழுத்துக்கு முன் நாம் கேட்க வேண்டியவை



‘சட்டம் அறிவோம்’ பகுதியில் இந்த முறை நாம் எடுத்துக்கொள்வது குப்பை. ஊருக்குள் குப்பை அள்ளும் வேலையை உள்ளாட்சி ஒரே ஒப்பந்ததாரரிடம் விடும்போது சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது, பொதுமக்களாகிய நாம் எந்த இடத்தில் கேள்வி கேட்கலாம் என்பதே பாடம்.

இது பெருநகரத்துச் சங்கதி, நமக்கென்ன என்று தள்ளிவிட வேண்டாம். களம்பூர் ஒரு பேரூராட்சி. அரிசி ஆலைகள், தறி வீடுகள், ஆரணி ரோடு ரயில் நிலையம், கடைத்தெரு எல்லாம் உள்ள ஊர். உமிச் சாம்பல், கழிவு நூல், வாழை இலை, பிளாஸ்டிக் கவர், இறைச்சிக் கடைக் கழிவு என்று எல்லாமும் சேர்கிற ஊர். தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் நிரந்தரத் தூய்மைப் பணியாளர் ஓய்வு பெற்றால், அந்த வேலைக்குப் பெரும்பாலும் வெளிமுகமை ஆட்களே வருகிறார்கள். யாரிடம், எத்தனை ஆண்டுக்கு, என்ன விலைக்கு என்பதெல்லாம் தாளில் முடிவாகிவிடுகிறது. பழகிய பணியாளர் ஒருநாள் வராமல் போய், புது ஆள் வந்து நிற்கும்போதுதான் நமக்கு விஷயம் தெரிகிறது. அப்போது கேட்டால், ‘ஒப்பந்தம் போட்டாயிற்று’ என்ற பதில்தான் கிடைக்கும்.

தனியுரிமை என்றால் என்ன?

ஏலம் நமக்குப் பழகிய விஷயம். வாரச்சந்தைச் சுங்கத்தை ஒருவர் ஏலம் எடுத்தால், அந்த ஆண்டு முழுவதும் அவரைத் தவிர வேறு யாரும் அங்கே வசூல் செய்யக் கூடாது. சைக்கிள் ஸ்டாண்டும் கட்டணக் கழிப்பிடமும் அப்படித்தான். ஒருவருக்கு மட்டும் உரிமை, மற்ற எல்லோருக்கும் தடை. இதைத்தான் தனியுரிமை என்கிறோம்.

குப்பை ஒப்பந்தமும் இதே குடும்பம்தான். ஆனால் பணம் எதிர்த்திசையில் போகிறது. சந்தை ஏலத்தில் ஏலம் எடுத்தவர் ஊருக்குப் பணம் கட்டுகிறார். குப்பை ஒப்பந்தத்தில் ஊர்தான் அவருக்குப் பணம் கட்டுகிறது. ஆகவே மாதத் தொகை பேசி முடித்த பிறகு, பத்துத் தெருவில் எட்டில் மட்டும் அள்ளினால் மிச்ச இரண்டு தெருவின் டீசலும் கூலியும் ஒப்பந்ததாரருக்கு லாபம். கண்காணிப்பு எழுத்தில் இல்லாவிட்டால் நேர்மையானவரையும் இந்தக் கணக்கு சோதித்துப் பார்க்கும்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துப் பார்த்துக்கொள்வோம். தனியுரிமை ஒப்பந்தத்துக்குள் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன.

ஒன்று: ‘இந்த ஊரின் குப்பையை அள்ளும் பொறுப்பு இவருடையது, உள்ளாட்சி இவருக்குப் பணம் தரும்.’

இரண்டு: ‘இவரைத் தவிர வேறு யாரும் இந்த ஊர்க் குப்பையைத் தொடக் கூடாது.’

முதல் வாக்கியம் பெரும்பாலும் தேவையானது. இரண்டாவது வாக்கியம்தான் ஏழையின் வயிற்றில் அடிக்கக் கூடியது. இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் நம் முன் வைப்பார்கள். தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதற்குப் பழகிக்கொண்டால் இந்தப் பாடத்தின் பாதியைக் கற்றுவிட்டோம்.

ஒருவரிடமே கொடுப்பது ஏன்?

ஒரே தெருவுக்கு மூன்று வண்டி வந்தால் மூன்றுமே அரைச் சுமையோடு திரும்பும்; டீசல் வீண். வண்டி வாங்குவதற்குக் கடன் எடுக்கும் ஒப்பந்ததாரருக்கு நாலைந்து ஆண்டு வேலை உறுதி வேண்டும். குப்பை அள்ளப்படாவிட்டால் ‘அவர் தெரு, இவர் தெரு’ என்று கைகாட்டாமல் ஒருவரே பதில் சொல்ல வேண்டும். இவை நியாயமான காரணங்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கடைகள், அலுவலகங்களின் குப்பையை 90க்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்கள் ஊர் முழுக்க ஓடி ஓடி அள்ளின. ஒரே தெருவில் ஓர் இரவில் பல லாரிகள். 2019இல் அந்த நகரம் ஒரு சட்டம் இயற்றியது. நகரத்தை 20 மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்தில் அதிகபட்சம் மூன்று நிறுவனம் மட்டுமே என்று வரையறுத்தது. ஓட்டமும் குறையும், போட்டியும் செத்துப்போகாது என்பது கணக்கு.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் வேறு வழியில் போனது. 2017 ஜூலையில் கடைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் 11 மண்டலம் வகுத்து, ஒவ்வொன்றையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. மொத்தம் ஏழு நிறுவனங்கள். சில மாதங்களிலேயே கட்டணம் தாறுமாறாக ஏறிவிட்டது என்ற புகார்கள் குவிந்தன. தொட்டியிலிருந்து லாரிவரை தள்ளிக்கொண்டு வரும் தூரத்துக்குத் தனிக் கட்டணம், பூட்டிய கேட்டைத் திறந்து உள்ளே போவதற்குத் தனிக் கட்டணம் என்று பில்லில் வரிகள் சேர்ந்தன. வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறவும் வழியில்லை. அடிப்படை விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டு, ‘கூடுதல் கட்டணம்’ என்ற பக்கத்தைச் சரியாகப் பூட்டாமல் விட்டதன் விளைவு அது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் அரசியலமைப்பு. 19(1)(ஜி) பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் தொழில் செய்யும் உரிமையைத் தருகிறது. பொதுநலனுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது 19(6). 1951இல் வந்த முதல் திருத்தம் அதோடு இன்னொன்றையும் சேர்த்தது: அரசோ, அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கழகமோ ஒரு தொழிலை மற்றவர்களை விலக்கித் தானே நடத்தலாம்.

‘அரசு தானே நடத்தலாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசுக்குக் கிடைத்த தனியுரிமையை அப்படியே ஒரு தனியாருக்கு, அவருடைய சொந்த லாபத்துக்காகக் கைமாற்ற முடியுமா? இந்தக் கேள்வி பீடி இலை விஷயத்தில் எழுந்தது. வேலூர், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் குடும்பங்களுக்கு அந்த இலையின் அருமை தெரியும். 1961இல் ஒரிசா அரசு பீடி இலை வாங்கும் உரிமையைத் தனக்கு மட்டும் ஆக்கிக்கொண்டு சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ‘முகவர்’ என்ற பெயரில் தனியார் தங்கள் சொந்த லாபத்துக்கு வியாபாரம் செய்யும்படி போட்ட ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. பின்பு அதே அரசு, பழைய ஒப்பந்ததாரர்களுக்கு மட்டுமே இலையை விற்போம், புதியவருக்கு இடமில்லை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 1969இல் அதையும் உச்ச நீதிமன்றம் தள்ளியது.

பீடி இலை வேறு, குப்பை வேறுதான். குப்பை அள்ள யாருக்குப் பணம் கொடுப்பது என்று உள்ளாட்சி தேர்ந்தெடுப்பது கொள்முதல். அது நம் முதல் வாக்கியம். அதற்குத் திறந்த போட்டி இருந்தால் போதும். ஆனால் பழைய பேப்பர் வாங்குகிறவரையும் பாட்டில் பொறுக்குகிறவரையும் தெருவிலிருந்து விரட்டுவது தொழில் உரிமையின் மீது வைக்கும் கட்டுப்பாடு. அது இரண்டாவது வாக்கியம். ‘டெண்டர் எடுத்துவிட்டார்’ என்பது மட்டும் அதற்குப் போதிய காரணம் ஆகாது. பொதுமக்களின் நலனுக்கு அது ஏன் தேவை என்று காட்டியாக வேண்டும்.

இரண்டாவது, தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அரசுத் துறைகளோடு உள்ளாட்சிகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. டெண்டரை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எந்த அளவுகோலில் தேர்ந்தெடுப்போம் என்பதை டெண்டர் ஆவணத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பிக்க வழக்கமாகக் குறைந்தது 15 நாளும், 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வேலைக்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்கின்றன இதன் விதிகள். ஆக, நாம் கேள்வி கேட்கக் கிடைக்கும் காலமும் அந்த இரண்டு வாரம்தான்.

மூன்றாவது, போட்டிச் சட்டம், 2002. டெண்டரில் போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விலை போடுவது இதன்படி குற்றமான உடன்பாடு. குப்பைத் தொழிலிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. புனே மாநகராட்சி 2014 டிசம்பர் முதல் 2015 மார்ச் வரை குப்பை பதப்படுத்தும் ஆலைகளுக்கு விட்ட டெண்டர்களில், சில நிறுவனங்கள் பேருக்கு விண்ணப்பம் போட்டு இன்னொருவரை ஜெயிக்கவைத்தன என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் கண்டறிந்தது. அந்தப் புகாரைக் கொண்டுபோனது ஒரு குடிமக்கள் அமைப்பு என்பதை நாம் மனதில் வைக்க வேண்டும்.

நான்காவது, திடக்கழிவு மேலாண்மை விதிகள். அல்மித்ரா படேல் என்பவர் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பலனாக 2000ஆம் ஆண்டில் முதல் விதிகள் வந்தன. 2016 ஏப்ரல் 8 அன்று விரிவான விதிகள் வெளியாயின. வீடுவீடாகப் போய்க் குப்பை வாங்குவதையும், குடிசைப் பகுதிகளை விட்டுவிடாமல் சேர்ப்பதையும் அவை உள்ளாட்சியின் கடமை ஆக்கின. பணியாளருக்குச் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் தர வேண்டும் என்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, குப்பை பொறுக்கி வாழ்கிறவர்களின் அமைப்புகளை அங்கீகரித்து, அவர்களை வீடுவீடாக வாங்கும் வேலையிலேயே சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும் என்றன. ஆகவே நம் நாட்டு விதியே இரண்டாவது வாக்கியத்துக்கு எதிர்த்திசையில் நிற்கிறது.

சென்னை கற்றுத் தந்தவை

2000ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி அன்றிருந்த 10 மண்டலங்களில் மூன்றை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஏழு ஆண்டுக்கு ஒப்படைத்தது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா வந்தது; ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அது விலக்கப்பட்டது. 2012இல் ராம்கி. 2020இல் ஏழு மண்டலங்கள் எட்டு ஆண்டுக்கு உர்பேசர் சுமீத் வசம் போயின.

இந்த இருபது ஆண்டில் பெயர்களோடு கூலி கணக்கிடும் முறையும் மாறியது. ஓனிக்ஸுக்கு டன் கணக்கில் பணம். எடைக்குக் கூலி என்றால் என்ன ஆகும் என்பதை அரிசி வியாபாரம் தெரிந்த நம் ஊராருக்கு விளக்க வேண்டியதில்லை. கல்லும் மண்ணும் ஏறினால் எடை கூடும். வீட்டிலேயே பிரித்து உரமாக்கினால் எடை குறையும். எனவே பிரிப்பதற்கு ஒப்பந்ததாரருக்கு ஆர்வமே இருக்காது. இதைப் பார்த்த பிறகு 2020 ஒப்பந்தத்தில் எடைக்குப் பதிலாக வேலையின் தரத்தை அளக்கும் அளவுகோல்கள் வந்தன. எத்தனை வீட்டில் வாங்கினார்கள், எவ்வளவு பிரித்து வாங்கினார்கள் என்பது போன்றவை. ஒரு பேரூராட்சி இந்தப் பாடத்தை இருபது ஆண்டு செலவழித்துக் கற்க வேண்டியதில்லை. சென்னை ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டது.

இன்னொரு பாடம் 2025 ஆகஸ்டில் வந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் வேலை தனியாருக்குப் போனபோது, அதுவரை மாநகராட்சியின் கீழ் தற்காலிகமாக வேலை பார்த்த தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். கொரோனா காலத்திலும் வெள்ளத்திலும் தெருவில் நின்றவர்கள். கூலி குறைந்துவிடும், பணிநிரந்தரம் கனவாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அங்கிருந்து அகற்றியது. யார் பக்கம் நியாயம் என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் ஒப்பந்தம் எழுதும்போதே ‘இப்போது வேலை செய்கிறவர்கள் என்ன ஆவார்கள், எந்தக் கூலியில் தொடர்வார்கள்’ என்ற கேள்விக்கு அவர்கள் ஏற்கும்படி பதில் இல்லாமல் போனதால்தான் அந்தப் பதில் தெருவில் தேடப்பட்டது.

சட்டம் பணியாளர் பக்கம் வெறுங்கையோடு நிற்கவில்லை. மும்பை மாநகராட்சியில் குப்பை வண்டிகளில் ஒப்பந்தப் பெயரில் வேலை செய்த 2,700 பேரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற தீர்ப்பை 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒப்பந்தம் வெறும் போர்வை, உண்மையான முதலாளி மாநகராட்சிதான் என்பது அவர்கள் தொழிற்சங்கத்தின் நீண்ட வாதம். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த அமைப்பே தர வேண்டும் என்பது 1970இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வைத்த விதி. 2020இல் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ‘கான்டிராக்டரைக் கேளுங்கள்’ என்று உள்ளாட்சி கைகழுவ முடியாது.

காயலான் கடையும் இரண்டாவது வாக்கியமும்

இப்போது மிக முக்கியமான பகுதி. காயலான் கடை என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியும். அந்தத் தொழிலில் நம் சமுதாயத்தவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்று சக்கர வண்டியில் போய்ப் பழைய பேப்பர், இரும்பு, பாட்டில் வாங்குகிறவர். விடியுமுன் சாக்கோடு போய்ப் பொறுக்குகிற பெண். வாங்கித் தரம் பிரித்து ஆலைக்கு அனுப்பும் கடைக்காரர். சம்பளமில்லாமல் ஊரின் குப்பைச் சுமையைக் குறைக்கிறவர்கள் இவர்கள். மக்காத குப்பையில் விலைபோகிற பொருள் அனைத்தும் ஒப்பந்ததாரருக்கே என்று ஒரு வரி எழுதினால் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்துவிடும்.

எகிப்தின் கெய்ரோவில் அதுதான் நடந்தது. அங்கே ஸப்பாலீன் என்ற ஏழை மக்கள் பல தலைமுறையாக வீட்டு வாசலில் போய்க் குப்பை வாங்கி, கையால் பிரித்து, பெரும்பகுதியை மறுசுழற்சிக்கு அனுப்பினார்கள். 2003 வாக்கில் அரசு ஸ்பெயின், இத்தாலி நிறுவனங்களுக்கு 15 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. நிறுவனங்கள் தெருமுனையில் தொட்டி வைத்தன. குறுகிய சந்துக்குள் லாரி நுழையவில்லை. கட்டணம் மின்சாரக் கட்டணத்தோடு சேர்த்து வசூலானது. வாசலுக்கு ஆள் வேண்டும் என்று விரும்பிய மக்கள் பழைய ஆளுக்கும் பணம் கொடுத்து, இரட்டைச் செலவு செய்தார்கள். 15 ஆண்டு கழித்து ஒப்பந்தங்கள் முடிந்தபோது, ஸப்பாலீன்களை மறுபடி ஏற்பாட்டுக்குள் கொண்டுவருவது பற்றி அதே அரசு பேச வேண்டியிருந்தது.

கொலம்பியாவில் 1994இன் 142ஆம் எண் சட்டம், ஒரு பகுதியின் துப்புரவுச் சேவையை ஒரே நிறுவனத்துக்குத் தனியுரிமையாகத் தர வெளிப்படையாகவே வழி செய்தது. தலைநகர் பொகோட்டாவில் குப்பை பொறுக்குவோர் சங்கமாகத் திரண்டு வழக்குத் தொடுத்தார்கள். 2003இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், இனி விடும் டெண்டர்களில் அவர்களுக்கும் இடம் வேண்டும் என்றது. 2011இல் பெரிய டெண்டர் ஒன்று அவர்களைச் சரியாகச் சேர்க்காமல் வந்தபோது, அதையே நிறுத்திவைத்தது. 2013 முதல், அவர்கள் பிரித்துத் தந்த எடைக்கு நகர நிர்வாகமே பணம் கொடுக்கத் தொடங்கியது.

கலிஃபோர்னியா மாநிலச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்று ஆண்டுக்கு மேல் ஒரு பகுதியில் முறைப்படி குப்பை அள்ளிவந்த நிறுவனம் இருந்தால், உள்ளாட்சி புதிய தனியுரிமை ஒப்பந்தம் போட்டாலும் அந்தப் பழைய நிறுவனம் அறிவிப்புக்குப் பின் ஐந்து ஆண்டுவரை தொழிலைத் தொடரலாம். லாரி வைத்திருக்கும் நிறுவனத்துக்கே ஐந்து ஆண்டு அவகாசம் என்றால், சாக்கு மட்டும் வைத்திருக்கும் பெண்ணுக்கு ஐந்து நாளாவது வேண்டாமா?

இதற்கெல்லாம் நம் நாட்டிலேயே நல்ல மறுமொழி இருக்கிறது. புனேயில் குப்பை பொறுக்குவோர் 1993இல் சங்கம் அமைத்தார்கள். அதிலிருந்து ஸ்வச் என்ற கூட்டுறவு பிறந்தது. 2008இல் மாநகராட்சி அந்தக் கூட்டுறவோடு ஒப்பந்தம் செய்தது. பொறுக்கிய அதே பெண்கள் வாசலில் நின்று குப்பை வாங்குகிறார்கள். வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார். விற்கக் கூடிய பொருளின் வருமானமும் அவர்களுக்கே. முதல் வாக்கியத்தின் பொறுப்பும் இருக்கிறது, இரண்டாவது வாக்கியத்தின் அநீதியும் இல்லை.

அமானிதம் என்ற பார்வை

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகவும், உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுப்பதைக் கடமையாகவும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். முற்கால இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். அளவையும் நிறுவையும் சரியா, பாதை அடைபடாமல் இருக்கிறதா என்று கடைவீதியில் நடந்து பார்ப்பது அவர் வேலை. பொதுமக்கள் ஒருவருக்குக் கொடுக்கும் தனியுரிமை ஓர் அமானிதம். கொடுத்த பிறகு பார்க்க ஆள் இல்லாவிட்டால் அமானிதம் பாழாகும். இன்று அந்தப் பார்க்கும் வேலை நம் எல்லோருக்கும் உரியது.

டெண்டர் வரும்போது கேட்க வேண்டிய ஏழு

1. காலம் எத்தனை ஆண்டு? இடையில் விலக்க என்ன நிபந்தனை? வேலை சரியில்லாதவரை மாற்றவே முடியாத நீண்ட ஒப்பந்தம் ஊருக்குச் சுமை.

2. பணம் எதற்கு? எடைக்கா, வீட்டுக் கணக்குக்கா, பிரித்து வாங்கிய அளவுக்கா?

3. ஒரு தெரு விட்டுப்போனால் பில்லில் எவ்வளவு பிடித்தம்? அதைக் குறித்துவைப்பது யார்?

4. இப்போதுள்ள பணியாளர்கள் தொடர்வார்களா? மாவட்ட ஆட்சியர் அறிவித்த தினக்கூலி, வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. மூன்றும் எழுத்தில் உண்டா?

5. விலைபோகும் மக்காத குப்பை யாருக்கு? பொறுக்குவோருக்கும் காயலான் கடைக்காரருக்கும் தடை போடும் வரி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை நீக்கவும், அவர்களுக்கு அடையாள அட்டை தந்து வளம் மீட்புப் பூங்காவில் பிரிக்கும் வேலையில் சேர்க்கவும் கோர வேண்டும்.

6. வீட்டாரிடமும் கடைக்காரரிடமும் தனியாக வசூல் உண்டா? அதற்குக் குறித்த தொகையைத் தவிர வேறு கட்டணம் கிடையாது என்று எழுதியிருக்கிறதா?

7. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? மூன்று விண்ணப்பமும் ஒரே முகவரியைச் சுற்றி இருந்தால், அல்லது ஆண்டுதோறும் முறைவைத்து ஜெயித்தால், அது போட்டியா என்று கேட்க வேண்டும்.

கேட்கும் வழிகள் எளிமையானவை. முதலில் வார்டு உறுப்பினரிடமும் செயல் அலுவலரிடமும் எழுத்துப்பூர்வமான மனு. ஜமாஅத் மட்டும் கொடுப்பதைவிட, தெருவில் உள்ள எல்லாச் சமூகத்தாரும், நெசவாளர் சங்கமும், வியாபாரிகளும் சேர்ந்து கொடுப்பது நல்லது. குப்பைக்கு மதம் இல்லை. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒப்பந்த நகல், மாதவாரி பில், பணியாளர் வருகைப் பதிவேடு, விதித்த அபராதம் ஆகிய நான்கையும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேட்பவர் செய்ய வேண்டியவை

ஒப்பந்ததாரரைக் கேள்வி கேட்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும். 100 பேருக்கு மேல் கூடும் விருந்தை உரிமம் இல்லாத இடத்தில் நடத்தினால் மூன்று வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்லி, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன 2016 விதிகள். வலீமா விருந்துக்குப் பந்தல்காரரிடம் சொல்வதுபோல் குப்பை வண்டிக்கும் சொல்லிவையுங்கள். குர்பானி நாட்களில் தோலும் குடலும் சாக்கடை ஓரம் கிடப்பது நமக்கே அவமானம். மஹல்லாவுக்கு ஒரு இடம், ஒரு நேரம், ஒரு பொறுப்பாளர் என்று முன்கூட்டி வையுங்கள். வீட்டில் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் தனித்தனியாக இருக்கட்டும். குழந்தை டயப்பரையும் நாப்கினையும் தாளில் சுற்றிக் கொடுங்கள். ஊசி, உடைந்த கண்ணாடி, பிளேடு ஆகியவற்றைத் தனி டப்பாவில் போடுங்கள். அதைக் கையால் தொடுகிறவரும் ஒரு தாய்தான். குப்பையைக் கொளுத்தாதீர்கள், திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

கலந்துரையாடலுக்கு

மகளிர் வட்டத்திலும் இளைஞர் வட்டத்திலும் இந்தப் பாடத்தைப் படித்த பிறகு மூன்று கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

நம் தெருவில் குப்பை அள்ளுகிறவரின் பெயரும் அவருடைய மாதக் கூலியும் நமக்குத் தெரியுமா?

நம் ஊரில் பழைய பொருள் வாங்கியும் பொறுக்கியும் வாழும் குடும்பங்கள் எத்தனை? அவர்கள் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் தயாரிக்கும் பொறுப்பை யார் ஏற்பது?

அடுத்த டெண்டர் அறிவிப்பு வந்தால், அந்த 15 நாளுக்குள் ஏழு கேள்விகளையும் எழுதிக் கொடுக்கும் மூன்று பேர் யார்?

மூன்றாவது கேள்விக்கு விடையாகப் பெயர்கள் வந்தால் அவற்றை அறக்கட்டளை அலுவலகத்தில் தெரிவியுங்கள். மனு எழுதவும், தகவல் விண்ணப்பம் தயாரிக்கவும் நாம் துணை நிற்போம், இன்ஷா அல்லாஹ்.